காமன் கிராலில் தமிழ் தேட ஸ்பார்க்கா, ஸ்லர்மா?

ஸ்பார்க், ஸ்லர்ம் இரண்டும் பெரிய வேலையைப் பல மெஷின்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருள்கள். இரண்டிலும் ஓட்டிப் பார்த்துவிட்டு ஸ்லர்மில் நின்றவன் நான், அதனால் இது நடுநிலையான அலசல் இல்லை. காமன் கிரால் என்பது இணையப் பக்கங்களைத் திரட்டி எல்லோருக்கும் திறந்து வைக்கும் அமைப்பு. அதன் 2024 பிப்ரவரி-மார்ச் தொகுப்பில் 300 கோடிக்கு மேல் பக்கங்கள். அவற்றின் வெறும் உரை மட்டும் 90,000 வெட் (WET) கோப்புகளாக இருக்கிறது. இண்டெக்ஸிலேயே (பக்கங்களின் பட்டியல்) தமிழ் என்று குறித்த பக்கங்களை எடுத்தால் போதாதா என்றால், ஆங்கில மெனுக்களுக்கு நடுவே நாலு வரி தமிழ் கிடக்கும் பக்கங்களும் எனக்கு வேண்டியிருந்தன.

வேகத்தைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, எத்தனை கோர் (பிராசசர் அலகு) கொடுக்கிறோமோ அதற்கேற்ப இரண்டுமே ஓடும். எனக்கு முடிவு செய்து கொடுத்தது வேறு: நடுராத்திரியில் ஒன்று கெட்டால் காலையில் என்ன மிஞ்சுகிறது?

ஸ்பார்க்கில் ஒரு டாஸ்க் (வேலையின் ஒரு துண்டு) நாலு முறை தோற்றால் மொத்த ஜாபும் நின்றுவிடும், அதுதான் இயல்பு அமைப்பு. எனக்கு ஒரு கோப்பு பாதியில் அறுந்து இறங்கியிருந்தது, சுருக்கிய கோப்பை விரிக்கும் ஜிஜிப் அதைத் திறக்க மறுத்தது, அந்தப் பிழையைப் பிடிக்காமல் விட்டது என் கோடுதான். ஆனாலும் அதுவரை முடிந்த வேலையெல்லாம் தற்காலிக ஃபோல்டரிலேயே தங்கிப்போக, முதலிலிருந்து ஆரம்பித்தேன். வாடகை மெஷினில் அந்த ராத்திரி ஓடிய காசும் போச்சு.

ஸ்லர்மில் அர்ரே ஜாப், அதாவது ஒரே கட்டளையை வரிசை எண் போட்டுப் பல ஜாப்களாக ஓட்டுவது. இயல்பாக அர்ரே எண் 1,000-ஐத் தாண்டாது என்பதால் ஜாபுக்கு 100 கோப்பு, மொத்தம் 900 ஜாப். எழுதும்போது கோப்புக்குத் தற்காலிகப் பெயர், முழுதாக முடிந்தபின்தான் உண்மைப் பெயர், அந்தப் பெயர் ஏற்கெனவே இருந்தால் தாண்டிப் போ. அவ்வளவுதான் ஏற்பாடு. அதே கட்டளையைக் காலையில் இன்னொரு தடவை கொடுத்தால் விட்டுப்போனவை மட்டும் ஓடும், எது ஏன் விழுந்தது என்பது அந்தந்த ஜாபின் லாகிலேயே (பதிவுக் கோப்பு) இருக்கும். ஒரு கோப்புக்கு இன்னொரு கோப்பின் தயவு தேவைப்படாத வேலைக்கு இதற்கு மேல் எதற்கு?

நகல் நீக்கம், அதாவது திரும்பத் திரும்ப வரும் பக்கங்களைக் கழிப்பது, வேறு கதை. எல்லாப் பக்கங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டுமென்றால் தரவு நோடுகளுக்கிடையே, அதாவது மெஷின்களுக்கிடையே, அலைய வேண்டும், அங்கே ஸ்பார்க்தான் சரி என்று தோன்றுகிறது. நான் செய்தது தமிழ்ப் பங்கை மட்டும், அது ஒரே மெஷினின் மெமரியில் அடங்கிவிட்டது, அதனால் அடித்துச் சொல்லமாட்டேன்.

அப்புறம், பல கிளஸ்டர்களில் (இணைத்து வைத்த மெஷின் கூட்டங்களில்) வேலையை ஓட்டும் கம்ப்யூட் நோடுகளுக்கு இணையம் கிடையாது. கோப்புகளை முன்னாடியே இறக்கி வைக்க வேண்டும், அதுவும் நிதானமாக. ஒரேயடியாக நூறு இணைப்பு திறந்தால் காமன் கிரால் பக்கமிருந்து 503 என்ற மறுப்புப் பிழைதான் வரும்.