வேளச்சேரியில் பகுதிநேர உணவு டெலிவரி: ஓட்டுபவர் பக்கத்திலிருந்து ஒரு மதிப்பீடு

உணவு டெலிவரி ஆப்கள் ஆள் சேர்க்கும்போது முதலில் சொல்வது, விரும்பிய நேரத்தில் லாகின் செய்யலாம், போதுமென்றால் லாக் அவுட் செய்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்பதுதான். பகலில் அலுவலக வேலை பார்த்துக்கொண்டு, மாலையில் சென்னையின் வேளச்சேரி, தரமணி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் அத்தகைய ஓர் ஆப்புக்காகச் சில மாதங்களாக வண்டி ஓட்டிவருகிறேன். அவர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்தச் சுதந்திரத்தை முழுதாகப் பயன்படுத்துபவருக்குக் கிடைக்கும் ஊதியம் வேறு, ஆப் விரும்பும் நேரத்தில் ஓட்டுபவருக்குக் கிடைக்கும் ஊதியம் வேறு.

சேருவதில் சிரமமில்லை. ஓட்டுநர் உரிமம், ஆர்.சி., ஆதார், பான் கார்டு, வங்கிக் கணக்கு ஆகியவற்றைப் பதிவேற்றினால் போதும். டி-ஷர்ட்டுக்கும் உணவு எடுத்துச்செல்லும் பைக்குமான தொகையை முதல் சில வாரச் சம்பாத்தியத்திலிருந்து பிடித்துக்கொள்கிறார்கள். பையின் ஜிப் மட்டும் இன்னும் கொஞ்சம் உறுதியாக இருந்திருக்கலாம்.

ஊதியத்தைத்தான் நின்று கவனிக்க வேண்டும். கடைவரை செல்லும் தூரம், கடையிலிருந்து வாடிக்கையாளர் வீடுவரை உள்ள தூரம், கடையில் காத்திருக்கும் நேரம் ஆகிய மூன்றையும் கொண்டு ஓர் ஆர்டருக்கான தொகை கணக்கிடப்படுகிறது. திரும்பி வரும் தூரத்துக்குப் பணம் கிடையாது. கடைக்கு 2 கிலோமீட்டர், வீட்டுக்கு 5 கிலோமீட்டர், மீண்டும் கடைகள் உள்ள இடத்துக்கு வர 4 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 7 கிலோமீட்டருக்குப் பணம் பெற்று 11 கிலோமீட்டர் ஓட்டியிருப்போம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றும், வண்டி லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தருகிறது என்றும் கொண்டால், எரிபொருளுக்கே ஏறத்தாழ 24 ரூபாய் போய்விடும். ஆயில், டயர், பிரேக் ஷூ எல்லாம் இதற்கு மேல்.

இந்த இடைவெளியை நிரப்புவது இன்சென்டிவ் எனப்படும் ஊக்கத்தொகைதான். அதைப் பெற, இரவு உணவு நேரத்தில் நாம் முன்பதிவு செய்த ஸ்லாட் (வேலை நேரப் பகுதி) முழுவதும் ஆன்லைனில் இருக்க வேண்டும். வரும் ஆர்டரைத் தட்டிக்கழிக்கக் கூடாது. சனி, ஞாயிறு ஓட்டினால் தொகை கூடும். அதாவது, குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடும் நேரத்தில்தான் இந்த வேலைக்கு மதிப்பு. மாலை ஐந்து மணிக்கு லாகின் செய்து ஏழரைக்கு வீடு திரும்புபவருக்குப் பெட்ரோல் போக மிஞ்சுவது கைச்செலவுக்குத்தான் சரியாக இருக்கும்.

சனிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு ஒரு பிரியாணிக் கடையின் பார்சல் கவுன்டரில் நின்று பார்த்தால் இந்த வேலையின் தன்மை விளங்கும். நாலைந்து நிறங்களில் டி-ஷர்ட் அணிந்தவர்கள் ஆர்டர் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். 'அண்ணே, ரெண்டு நிமிஷம்' என்று கவுன்டரில் இருப்பவர் சொல்லும் இரண்டு நிமிடம் இருபது நிமிடமாகும். பார்சல் கைக்கு வந்ததும் கத்தரிக்காய் கொத்சு டப்பாவின் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று நாமே அழுத்திப் பார்த்துக்கொள்வது நல்லது. வழியில் சிந்தினால் ரேட்டிங் குறைவது நமக்குத்தான், கடைக்கு அன்று. பெருங்குடிப் பக்கத்துப் பெரிய அடுக்ககங்களில் வாசலில் பதிவேட்டில் எழுதி, காவலாளி போனில் அனுமதி கேட்டு, சர்வீஸ் லிஃப்டுக்காகக் காத்திருக்கும் நேரத்துக்கு ஊதியக் கணக்கில் இடமில்லை.

ஆப்பில் பாராட்ட வேண்டியவையும் உண்டு. வாடிக்கையாளரின் எண்ணும் நம் எண்ணும் ஒருவருக்கொருவர் தெரியாதபடி அழைப்பை இணைக்கிறார்கள். வாரப் பணம் இதுவரை தவறியதில்லை. உதவி சாட்டைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. வாடிக்கையாளர் வீட்டு வாசலில் நிற்கும்போது ஆர்டர் ரத்தானால், உணவை என்ன செய்வது என்ற கேள்விக்கு எழுதிவைத்த அதே மூன்று வாக்கியங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

சேர நினைப்பவர்கள் முதலில் எடுத்துப் படிக்க வேண்டியது வண்டியின் காப்பீட்டுப் பத்திரத்தை. சொந்த உபயோகத்துக்கான வழக்கமான இருசக்கர வாகன பாலிசி, வாடகைக்கு ஓட்டுவதையும் சொந்தப் பொருள் அல்லாத சரக்கை ஏற்றிச் செல்வதையும் தன் வரம்புக்கு வெளியே வைக்கிறது. டெலிவரியின்போது விபத்து நேர்ந்தால் வண்டிச் சேதத்துக்கான இழப்பீடு மறுக்கப்பட இது காரணமாகலாம். ஆப் நிறுவனம் தரும் விபத்துக் காப்பீடு ஓட்டுபவருக்கானது. அது வண்டியைச் சேர்க்கிறதா, லாக் அவுட் செய்தபின் வீடு திரும்பும் வழியிலும் செல்லுமா என்பதைச் சேரும்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

அரசுப் பக்கத்திலும் சில வழிகள் திறந்திருக்கின்றன. தமிழ்நாடு அரசு 2023-இல் கிக் தொழிலாளர்களுக்கென, அதாவது நம்மைப்போல் ஆப் நிறுவனங்களுக்காக ஓட்டுபவர்கள் போன்றோருக்கென, தனி நல வாரியம் அமைத்தது. ஒன்றிய அரசின் 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, இத்தகைய நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு வரை சமூகப் பாதுகாப்பு நிதிக்குச் செலுத்த வேண்டும் என்கிறது. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. நல வாரியத்திலும், அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான ஒன்றிய அரசின் இ-ஷ்ரம் இணையதளத்திலும் நாமாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பகுதிநேரம்தானே என்று இதை ஒத்திப்போடுபவர்கள் பலர். முழுநேரமாக ஓட்டுபவர் போகும் அதே சாலையில், அதே மழையில்தான் நாமும் போகிறோம்.