பைலட் கிரவுண்ட் கிளாஸ்: ஐந்து மாதப் பயிற்சி குறித்து ஒரு தகப்பனின் மதிப்பீடு

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒன்பது மா (ஏறத்தாழ மூன்று ஏக்கர்) நன்செய் வைத்துச் சாகுபடி செய்யும் குடும்பம் எங்களுடையது. 12ஆம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்து முடித்த என் மகள் விமானி ஆவதென்று உறுதியாக நின்றபோது, அதற்கு எந்த வாசலில் நுழைய வேண்டும் என்று சொல்லக்கூடியவர் எங்கள் உறவில் ஒருவரும் இல்லை. டெல்டா நகரம் ஒன்றில் நடக்கும் கிரவுண்ட் கிளாஸின் விளம்பரத்தைப் பார்த்து, குறுவை அறுவடைப் பணம் வந்த கையோடு 1,60,000 ரூபாய் கட்டி அவளைச் சேர்த்தேன். ஐந்து மாதம், வாரத்துக்கு ஆறு நாள், நாளைக்கு நான்கு மணி நேரம். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. பிள்ளையை இதுபோன்ற வகுப்பில் சேர்க்க நினைக்கும் பெற்றோர் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வாங்க 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரமாவது விமானத்தின் பொறுப்பைத் தானே ஏற்றுப் பறந்ததாக இருக்க வேண்டும். இதோடு விமானப் போக்குவரத்து இயக்ககமான டி.ஜி.சி.ஏ. நடத்தும் எழுத்துத் தேர்வுகள் உண்டு. வான்வழிச் செலுத்தல், வானிலையியல், வான் விதிமுறைகள், பொதுத் தொழில்நுட்பம், ஓட்டப்போகும் விமானத்துக்குரிய தொழில்நுட்பம் ஆகிய ஒவ்வொன்றிலும் 70 விழுக்காடு எடுத்தால்தான் தேர்ச்சி. ரேடியோவில் பேசுவதற்குத் தனியாக ஒரு தேர்வு இருக்கிறது. கிரவுண்ட் கிளாஸ் என்பது இந்தத் தேர்வுகளுக்கான தயாரிப்பு மட்டுமே. அங்கே யாரும் விமானத்தில் ஏற்றிச் செல்ல மாட்டார்கள். விளம்பரத்தில் இருந்த பெரிய விமானப் படத்தைப் பார்த்த எனக்கே இது சேர்ந்த பிறகுதான் தெளிவாகப் புரிந்தது.

பாடங்களில் வானிலையியலுக்கு என் முழு மதிப்பெண். அதை எடுத்தவர் விமானப் படையின் வானிலைப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஐப்பசி, கார்த்திகை மழையில் மகளைத் தனியே அனுப்ப மனம் வராமல் நானும் கூடப் போய் வராந்தாவில் காத்திருப்பேன். அப்படித்தான் அவருடைய பாடம் என் காதிலும் விழுந்தது. ஒரு நாள், 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயலைப் பற்றிப் பேச்சு வந்தது. யார் வீட்டுத் தென்னை எந்தப் பக்கம் சாய்ந்தது என்று கேட்டார். வேதாரண்யத்துப் பையன் ஒருவன், தங்கள் தோப்பில் சில மரங்கள் தெற்கே தலைவைத்தும் சில வடக்கே தலைவைத்தும் கிடந்ததாகச் சொன்னான். அந்த ஒரு பதிலை வைத்தே அன்றைய பாடம் முழுவதையும் நடத்தினார். நம் பக்கத்துப் புயலில் காற்று இடஞ்சுழியாகச் சுற்றும். மேற்கு நோக்கி வரும் புயலின் முன்பாதியில் வடக்கிலிருந்து வீசும் காற்று, கண் கடக்கும்போது ஓய்ந்து, பின்பாதியில் தெற்கிலிருந்து வீசும். ஆகவே அந்தத் தோப்பின் மேல் புயலின் கண் கடந்திருக்கிறது என்று கரும்பலகையில் வரைந்து காட்டினார். எங்கள் வாழ்வாதாரத்தையே புரட்டிப்போட்ட ஒரு காற்றின் கணக்கு எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

தை மாதத்தில் அவர் மாணவர்களுக்குக் கொடுத்த வேலையும் குறிப்பிடத்தக்கது. மேகமில்லாத இரவில் தரை வெப்பத்தை இழந்து குளிர்வதும், ஈர வயல்களின் மேல் தேங்கிய காற்று மூடுபனியாவதும் எப்படி என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, தினமும் காலை ஆறு மணிக்கு அவரவர் மாடியில் நின்று எவ்வளவு தூரம் தெரிகிறது என்று குறித்து வரச் சொன்னார். என் மகள் எங்கள் தெருமுனைத் தண்ணீர்த் தொட்டி, ரயில்வே கேட், அதற்கப்பால் கோயில் கோபுரம் என்று அடையாளம் வைத்துக்கொண்டு நோட்டில் எழுதுவாள். பிறகு திருச்சி விமான நிலையம் அரை மணி நேரத்துக்கு ஒரு முறை வெளியிடும் மெட்டார் என்ற வானிலை அறிக்கையைக் கைப்பேசியில் எடுத்து, அந்த நிலையத்தின் குறியீடான வி.ஓ.டி.ஆர். என்று தொடங்கும் அந்தக் குறியீட்டு வரியை எனக்கு வாசித்துக் காட்டி, காற்றின் வேகம் எத்தனை நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்), பார்வைத் தொலைவு எத்தனை மீட்டர் என்று பிரித்துச் சொல்வாள். ஒரு மாத முடிவில் அந்த வரியைத் தட்டுத் தடுமாறி நானும் படிக்கக் கற்றுக்கொண்டேன்.

வான்வழிச் செலுத்தலும் நன்றாகவே நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கூடத்தில் வரைபடத்தை விரித்து, சுழலும் தட்டுகள் கொண்ட, பேட்டரி இல்லாத நேவிகேஷன் கம்ப்யூட்டரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். “அப்பா, திருச்சியிலிருந்து நேர் கிழக்கே கோடு போட்டா, தஞ்சாவூர், நம்ம ஊர், திருவாரூர், நாகப்பட்டினம் எல்லாம் கிட்டத்தட்ட அந்தக் கோட்டு மேலயே வருது, பாருங்க” என்றாள். இத்தனை வருடம் அந்த வழியில் ரயிலில் போய் வந்தும் எனக்கு அது தோன்றியதே இல்லை. அறுபது கடல் மைல் தூரத்தில் ஒரு கடல் மைல் விலகினால் திசை ஒரு டிகிரி தவறியிருக்கிறது என்பது விமானிகள் மனத்தில் வைத்திருக்கும் கணக்கு. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து நாகப்பட்டினம் ஏறத்தாழ 66 கடல் மைல். ஐந்து டிகிரி தெற்கே பிசகினால் பத்துக் கிலோமீட்டர் தள்ளிப்போய், நாகப்பட்டினத்துக்குப் பதில் வேளாங்கண்ணிப் பக்கம் கடலைப் பார்ப்போம் என்று அவள் விரலால் தொட்டுக் காட்டினாள். இப்படிச் சொந்த மண்ணை வைத்து யோசிக்கப் பழக்கிய ஆசிரியருக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

பொதுத் தொழில்நுட்பம் மிகச் சுமார். பழைய கேள்விகளையும் விடைகளையும் மனப்பாடம் செய்ய வைத்ததைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. ரேடியோ பேச்சுக்கு மொத்தமே நான்கு நாட்கள்தான் ஒதுக்கினார்கள். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள் பாதிக்கு மேல் இருந்த வகுப்பில் இது பெரிய குறை. பாடத்தைத் தமிழில் விளக்குவது நல்லது. ஆனால் ரேடியோவில் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும், ஆங்கிலத் திறனுக்கும் தனி மதிப்பீடு உண்டு. அதற்கு வாய்விட்டுப் பேசும் பயிற்சி தினமும் அரை மணியாவது வேண்டும்.

இனி நான் மனம் வருந்தி எழுதும் பகுதிக்கு வருகிறேன். சேர்க்கை நாளில் அலுவலகத்தில் இருந்தவரிடம், மருத்துவப் பரிசோதனையை முதலிலேயே எடுத்துவிட வேண்டாமா என்று கேட்டேன். “அது வெறும் ஃபார்மாலிட்டி சார், கடைசியில பாத்துக்கலாம்” என்றார். அந்தச் சொல்லை நம்பியவர்களில் திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவனும் உண்டு. வகுப்பில் முதல் மூன்று இடங்களுக்குள் இருந்த பையன். நான்காவது மாதத்தில் சென்னைக்குப் போய், விமானியாக விரும்புவோருக்கான முதல் கட்ட மருத்துவப் பரிசோதனையான கிளாஸ் 2 மெடிக்கல் எடுத்தபோது, வண்ணப் புள்ளிகளுக்கிடையே எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லும் இஷிஹாரா சோதனையில் அவனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியவில்லை என்று தெரிந்தது. பிறவியிலேயே இருக்கும் இந்தக் குறை ஆண்களிடம்தான் அதிகம். பலருக்கு அது இருப்பதே தெரியாது. விமானத்தின் இடப்பக்க இறக்கை முனையில் சிவப்பு விளக்கு, வலப்பக்கத்தில் பச்சை. ஓடுபாதையை நெருங்கும்போது ஓரத்தில் தெரியும் நான்கு விளக்குகளில் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் சரியான உயரம், நான்கும் சிவப்பு என்றால் மிகத் தாழ்ந்துவிட்டோம் என்று பொருள். ஆகவே சோதனை கடுமையாக இருப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எந்தக் கண் மருத்துவரிடமும் சில நிமிடங்களில் தெரிந்துகொள்ளக்கூடிய இந்த விஷயத்தை, நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டிய ஒரு தாய்க்கு முன்கூட்டியே சொல்லாதது நியாயமில்லை. கட்டிய பணத்தில் ஒரு ரூபாயும் திரும்பவில்லை. (கண்ணாடி அணிபவர்கள் அஞ்ச வேண்டாம், கண்ணாடியோடு பார்வை உரிய அளவுக்கு இருந்தால் ஏற்கிறார்கள். என் மகளும் கண்ணாடி அணிபவள்தான், தேறிவிட்டாள்.)

செலவு விஷயத்திலும் பாதிதான் சொன்னார்கள். “45 லட்சத்தில், 12 மாதத்தில் ஏர்லைன் பைலட்” என்பது அவர்கள் வாசகம். நான் நேரில் விசாரித்த பறக்கும் பயிற்சிப் பள்ளிகள் 200 மணி நேரத்துக்கு 50 முதல் 65 லட்சம் வரை கேட்டன. மழை, விமானப் பழுது, ஓடுபாதை நெரிசல் எல்லாம் சேர்ந்து ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் ஆகும் என்றும் வெளிப்படையாகச் சொன்னார்கள். லைசென்ஸ் கிடைத்த பிறகு ஏர்பஸ் ஏ320 போன்ற குறிப்பிட்ட ரக விமானத்துக்கான டைப் ரேட்டிங்குக்குத் தனிச் செலவு இருக்கிறது. அதன் பிறகும் விமான நிறுவனத்தின் தேர்வில் தேறிக் காத்திருந்து, துணை விமானியாகத்தான் நுழைய முடியும். கேப்டனாக அமர்வதற்கு வேண்டிய ஏ.டி.பி.எல். உரிமத்துக்கு 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வங்கியில் 7.5 லட்சத்துக்கு மேல் கல்விக்கடன் வாங்க ஈடு கேட்கிறார்கள். எங்களுக்கு ஈடு என்றால் அந்த ஒன்பது மா நிலம்தான். இவ்வளவையும் முதல் நாளிலேயே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் நான் பின்வாங்கியிருக்க மாட்டேன்; ஆனால் தயாராகியிருப்பேன்.

ஆகவே என் கணிப்பில், வானிலையியலுக்கும் வான்வழிச் செலுத்தலுக்கும் இந்த வகுப்பு கொடுத்த காசுக்குத் தகும். வெளியூரில் விடுதி எடுத்துத் தங்கும் செலவும் மிச்சம். வழிகாட்டுதலுக்கு மட்டும் இவர்களை நம்பக் கூடாது. கட்டணம் கட்டும் முன் கிளாஸ் 2 மெடிக்கல் எடுத்துவிடுங்கள். தகுதியில்லை என்று வந்தால் பணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். எந்தப் பாடத்தை யார் எடுக்கிறார் என்று கேட்டு, ஒரு வகுப்பிலாவது பிள்ளையை உட்கார வைத்துப் பாருங்கள்.

என் மகள் மூன்று தாள்களில் தேறிவிட்டாள். கமர்ஷியல் லைசென்ஸுக்கு வேண்டிய அடுத்த கட்டப் பரிசோதனையான கிளாஸ் 1 மெடிக்கலுக்காக அடுத்த மாதம் பெங்களூரில் உள்ள விமானப் படையின் வான்வெளி மருத்துவ நிறுவனத்துக்குப் போகிறோம். மருத்துவச் சான்றைப் பார்த்த பிறகே கட்டணம் வாங்க வேண்டும் என்று நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். அடுத்த பேட்சிலிருந்து அப்படியே செய்வதாகச் சொன்னார்கள். அந்தப் பேட்சுக்கான நோட்டீஸ் கடந்த வாரம் பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருந்தது. நின்று முழுவதும் படித்தேன். மெடிக்கல் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.