மீட்டுத் தருவதாக வந்தவரிடம் இரண்டாம் முறை ஏமாந்தேன்

கடந்த ஆண்டு நான் இரண்டு முறை ஏமாற்றப்பட்டேன். முதல் முறை, திருமணம் செய்துகொள்வதாகச் சொன்ன ஒருவரிடம் 4,43,500 ரூபாயை இழந்தேன். இரண்டாம் முறை, அந்தப் பணத்தை மீட்டுத் தருவதாகச் சொன்ன இன்னொருவரிடம் 72,000 ரூபாயை இழந்தேன். முதல் வகை மோசடியைப் பற்றிச் செய்தித்தாள்களில் அடிக்கடி படிக்கிறோம். இரண்டாம் வகையைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன். தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் 22 ஆண்டுகளாகக் கணக்கராக வேலை செய்கிறேன். ஒரு ரூபாய் உதைத்தாலும் இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து பேரேட்டைச் சரிபார்க்கிற பழக்கம் உள்ளவள் நான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகளும் என் அண்ணியும் சேர்ந்து ஒரு திருமணத் தகவல் தளத்தில் என் பெயரைப் பதிவு செய்தார்கள். அதன் வழியாக அறிமுகமானவர் தம்மை 51 வயதான எலும்பு மருத்துவர் என்றும், மான்செஸ்டரில் வசிப்பதாகவும், தாயார் காரைக்குடிப் பக்கம் என்றும், தமக்குத் தமிழ் புரியுமே தவிரச் சரளமாகப் பேச வராது என்றும் சொன்னார். 'நீங்கள் உங்கள் உணவை எடுத்தீர்களா' என்று அவர் எழுதியபோது அது மொழிபெயர்ப்புக் கருவியின் தமிழ் என்று எனக்குத் தோன்றவில்லை; வெளிநாட்டில் வளர்ந்தவர் நமக்காக முயற்சி செய்கிறாரே என்று மகிழ்ந்தேன். நான்கு மாதங்கள் அவர் ஒரு பைசாகூடக் கேட்கவில்லை. என் முழங்கால் வலி, சங்கத்தின் தணிக்கை நாள், கணவரின் திதி எல்லாவற்றையும் நினைவில் வைத்துக் கேட்டார். இன்று யோசித்தால், அவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

காணொளி அழைப்பில் முகம் பார்த்திருந்தால் தப்பித்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு முறை பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடத்துக்குள் இணைப்பு அறுந்துவிட்டது. முகத்தை மாற்றிக் காட்டும் மென்பொருளை வைத்துக் காதல் மோசடி செய்த ஒரு கும்பலைச் சேர்ந்த 27 பேரை 2024 அக்டோபரில் ஹாங்காங் காவல்துறை கைது செய்தது. அவர்கள் சுருட்டிய தொகை 4.6 கோடி அமெரிக்க டாலர். ஆகவே முகத்தைப் பார்த்தோம் என்பதை இனி ஒரு சான்றாகக் கொள்ள முடியாது.

பிறகு பார்சல் வந்தது. டெல்லி விமான நிலையச் சுங்கத்துறையிலிருந்து பேசுவதாக ஒரு பெண் அழைத்து, அந்த மருத்துவர் என் பெயருக்கு அனுப்பியுள்ள பரிசுப் பெட்டியில் கைக்கடிகாரமும் 30,000 பவுண்டு நோட்டுகளும் இருப்பதாகவும், 38,500 ரூபாய் கட்டினால் விடுவிப்பதாகவும் சொன்னார். கட்டினேன். பவுண்டு நோட்டுகள் இருப்பதால் சட்டவிரோதப் பணம் இல்லை என்ற சான்றிதழ் வேண்டும் என்று மறுநாள் 1,45,000 ரூபாய் கேட்டார்கள். ரிசர்வ் வங்கி முத்திரையோடு ஒரு கடிதமும் வந்தது. மூன்றாவதாக, பவுண்டை ரூபாயாக மாற்றும் கட்டணம் என்று 2,60,000 ரூபாய் கேட்டார்கள். மகளின் திருமணத்துக்காகச் சேர்த்த நகையை அடகு வைத்து நகைக்கடனாக அதை வாங்கி அனுப்பினேன். மூன்று தொகையும் மூன்று தனிநபர்களின் சேமிப்புக் கணக்குகளுக்குச் சென்றன. அரசுக்குச் செல்லும் வரி எதற்குத் தனியார் பெயரில் போகிறது என்று கணக்கரான நான் கேட்கத்தான் செய்தேன். கிளியரிங் ஏஜென்ட், அதாவது சுங்கத்திலிருந்து பொருளை விடுவித்துத் தரும் முகவர், என்று ஒரு சொல்லைச் சொன்னார்கள். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

சுங்கத்துறை ஒருபோதும் தனிநபரின் கணக்கில் வரி வாங்குவதில்லை. 2019 நவம்பரிலிருந்து அத்துறையின் கடிதங்களில் ஆவண அடையாள எண் ஒன்று அச்சிடப்படுகிறது. சுங்கத்துறையை நிர்வகிக்கும் மறைமுக வரிகள் வாரியத்தின் இணையதளத்தில் அந்த எண்ணை இட்டால் கடிதம் உண்மையானதா என்று தெரிந்துவிடும். ரிசர்வ் வங்கி தனிமனிதர்களுக்குச் சேமிப்புக் கணக்குத் தொடங்குவதும் இல்லை, பரிசுப் பணத்துக்குச் சான்றிதழ் கொடுப்பதும் இல்லை. இவை எல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தவை.

மூன்றாவது தொகையை அனுப்பிய மறுநாளே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் புகார் கொடுக்க 11 நாட்கள் ஆயின. என் இழப்பின் பெரும்பகுதி அந்த 11 நாட்களில்தான் கைநழுவியது என்பதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். இணைய நிதி மோசடிக்கான 1930 என்ற எண்ணை அழைத்தால், நாம் அனுப்பிய பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அந்த வங்கிக்கு உடனே தகவல் போய், எஞ்சியிருக்கும் தொகை முடக்கப்படும். மோசடிக்காரர்கள் வாடகைக்கு எடுத்த கணக்குகள் வழியாகப் பணத்தை ஒன்றிலிருந்து நான்காக, நான்கிலிருந்து பத்தாகப் பிரித்து ஏடிஎம்மில் எடுத்துவிடுவதற்குள் அது நடக்க வேண்டும். இதில் நாட்கணக்கு கிடையாது, மணிக்கணக்குதான். நான் ஏன் 11 நாட்கள் வாயைத் திறக்கவில்லை என்றால், முதல் நாளே என் அண்ணனிடம் பாதியைச் சொன்னேன்; படித்த பெண், கணக்கு எழுதுகிறவள், இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று அவர் கத்தினார். மீதிப் பாதியை நான் விழுங்கிவிட்டேன். பிறகு துணிந்து உள்ளூர்க் காவல் நிலையத்துக்குப் போனபோதும், நாலு பேர் நிற்கும் இடத்தில் ஒரு காவலர் கிட்டத்தட்ட அதே வார்த்தைகளைச் சொன்னார். மாவட்டச் சைபர் குற்றப் பிரிவில் அப்படி இல்லை. பொறுமையாகக் கேட்டு, புகாரை ஏற்று, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள்.

இந்த நிலையில்தான் இரண்டாமவர் வந்தார். இத்தகைய மோசடி பற்றிய ஒரு காணொளியின் கீழே, எனக்கும் இப்படி நடந்தது என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். இரண்டு நாட்களில் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. காவல்துறையோடு சேர்ந்து பணியாற்றும் இணையப் பாதுகாப்பு வல்லுநர் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டவர், நான் எந்தத் தேதியில் எவ்வளவு அனுப்பினேன் என்பதை ரூபாய் சுத்தமாகச் சொன்னார். என் வழக்கு விவரம் அவரிடம் இருக்கிறது என்று நம்பினேன். அந்த விவரம் முதல் கும்பலிடம் மட்டுமே இருந்திருக்க முடியும் என்பது, அதாவது இவரும் அவர்களில் ஒருவர் அல்லது அவர்களிடம் பட்டியலை விலைக்கு வாங்கியவர் என்பது, அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஓர் இணையதளத்தைக் காட்டினார். அதில் என் பெயருக்கு நேரே 4,43,500 ரூபாய் பூட்டுப் படத்தோடு நின்றது. திறப்பதற்கு 25,000 ரூபாய் வாங்கினார். வாரம் கழித்து ஜிஎஸ்டி என்று 47,000 ரூபாய் வாங்கினார். அதன் பிறகு அந்த எண் அணைந்துவிட்டது.

எப்படி மறுபடியும் ஏமாந்தாய் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரு பதில்தான் உண்டு. அவர் பேசிய முதல் வாக்கியம், 'இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை அம்மா' என்பது. என் அண்ணன் வாயிலிருந்து வரும் என்று மூன்று வாரங்களாக நான் காத்திருந்த வாக்கியத்தை ஒரு திருடன் சொன்னான்.

என்னை மீட்டவர் அண்ணி. கதை முழுதும் தெரிந்த அன்று மாலை ஒரு நாற்பது பக்க நோட்டோடு வந்து என் அருகில் உட்கார்ந்து, ஏன், எப்படி என்று ஒரு கேள்வியும் கேட்காமல், தேதி, நேரம், தொகை, சென்ற கணக்கின் எண், யுடிஆர் எண் (ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் வங்கி தரும் எண்), அழைத்த கைபேசி எண் என்று பத்தி பிரித்து எழுதச் சொன்னார். உரையாடல்களை நான் அழிக்கப் போனபோது தடுத்து, முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து மகளுக்கு அனுப்ப வைத்தார். வங்கிக்கும் காவல் பிரிவுக்கும் ஒவ்வொரு முறையும் கூடவே வந்தார். சொந்தக்காரர் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லக் கூசுகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: புகார் கொடுத்த பிறகும் ஒன்பது நாட்கள் நான் அந்த 'மருத்துவருடன்' பேசிக்கொண்டிருந்தேன். ஏமாற்றுக்காரன் என்று அறிவுக்குத் தெரியும். இரவு பத்து மணிக்குக் கை தானாகக் கைபேசியை எடுக்கும். அதைக் கண்டுபிடித்த அன்றும் அண்ணி கத்தவில்லை. இனி இரவு பத்து மணிக்கு என்னைக் கூப்பிடு என்றார். இரண்டு மாதங்கள் கூப்பிட்டேன்.

கணவர் இறந்தபோது பதினாறு நாளும் வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். இல்லாத ஒரு மனிதரை இழந்ததற்குத் துக்கம் விசாரிக்க யாரும் வருவதில்லை; வெளியே சொன்னால் சிரிப்பார்கள். பணத்தைவிட இதுதான் என்னை அதிகம் வருத்தியது. தூக்கமில்லாத நாட்களில், மகள் சொன்னதன் பேரில், மத்திய அரசின் மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் அழைத்தேன். தமிழில் பேசினார்கள், கட்டணம் இல்லை. நம் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், முதல் சில வாரங்கள் அவரைத் தனியாக விடாதீர்கள். அவமானம் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொள்ள நினைப்பவர்கள் உண்டு. நானும் ஓர் இரவு நினைத்தேன்.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது, ஆனால் மெதுவாக நடக்கிறது. ஆள்மாறாட்டம் செய்து இணையவழியில் ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். ஏமாற்றிப் பணம் பறிப்பதற்கு இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) பிரிவில் ஏழாண்டு வரை தண்டனை உண்டு. வங்கியிடம் நான் இழப்பீடு கேட்டபோது, நானே கடவுச்சொல் இட்டு அனுப்பியது என்பதால் மறுத்துவிட்டார்கள். வாடிக்கையாளரின் பொறுப்புக்கு வரம்பு விதிக்கும் ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை, நமக்குத் தெரியாமல் எடுக்கப்பட்ட பணத்துக்கே பொருந்தியது. பிரிட்டனில் ஏமாற்றப்பட்டுத் தாமே அனுப்பிய பணத்தையும் 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும் என்ற விதி 2024 அக்டோபர் 7 முதல் நடைமுறையில் உள்ளது. என்னை ஏமாற்றியவன் பிரிட்டனில் இருப்பதாகச் சொன்னதற்கு, நான் அங்கே இருந்திருக்கலாம்.

மூன்றாவதாக அனுப்பிய 2,60,000 ரூபாயில் முடக்கப்பட்டிருந்த 61,200 ரூபாய், நடுவர் நீதிமன்றத்தில் மனுப்போட்டு, ஏழு மாதங்களுக்குப் பிறகு என் கணக்குக்கு வந்தது. அதற்கு யாருக்கும் முன்பணம் கட்டவில்லை. காவல்துறையோ நீதிமன்றமோ ஜிஎஸ்டி கட்டினால் பணம் விடுவிக்கிறோம் என்று வாட்ஸ்அப்பில் கேட்பதில்லை. நகைக்கடனுக்கு இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். அண்ணன் இப்போது என்னோடு பேசுகிறார். இதைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

போன வாரம் புதிய எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. என் பெயரில் மீட்கப்பட்ட தொகை தயாராக இருப்பதாகவும், 18 விழுக்காடு வரியை மட்டும் முன்கூட்டியே செலுத்தினால் போதும் என்றும் எழுதியிருந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், மோசடிச் செய்திகளைப் பற்றிப் புகார் செய்யும் சக்ஷு பகுதியில் அந்த எண்ணைப் புகாராகப் பதிந்தேன். பிறகு அண்ணியைக் கூப்பிட்டு விவரத்தைச் சொன்னேன். நாற்பது பக்க நோட்டில் இன்னும் இடம் இருப்பதாகச் சொன்னார்.