பகல் மூன்று மணியும் இரவு இரண்டு மணியும்: முதுமையில் எங்கே இருப்பது?

பணி ஓய்வு பெற்ற நாளிலிருந்து உறவுக்காரர்களும் பழைய அலுவலகத் தோழிகளும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: கடைசிவரை எங்கே இருக்கப் போகிறீர்கள்? கேட்பவர்களும் கவலையோடுதான் கேட்கிறார்கள். 2021ஆம் ஆண்டுக் கணக்கீட்டின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குச் சுமார் 13.6 பேர் அறுபதைத் தாண்டியவர்கள். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். எங்களைப் போன்ற நடுத்தரக் குடும்பங்களுக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. சொந்த ஊர் வீடு, பிள்ளைகள் வீடு, கோயம்புத்தூர்ப் பக்கம் பெருகியிருக்கும் மூத்தோர் குடியிருப்பு. என் அம்மா தன் கடைசி ஏழு ஆண்டுகளில் மூன்றிலும் இருந்தார். நான் கூடவே இருந்து பார்த்தேன்.

பெரும்பாலோர் செலவையும் மருத்துவமனைத் தூரத்தையும் வைத்து இவற்றை ஒப்பிடுகிறார்கள். இரண்டும் தேவைதான். ஆனால் நான் இரண்டு நேரங்களை வைத்து அளக்கிறேன். ஒன்று பகல் மூன்று மணி. சாப்பாடு முடிந்து, தூக்கமும் வராமல், தொலைக்காட்சியும் சலித்துப்போன வேளை. அப்போது யார் நம்மிடம் பேசுவார்கள்? மற்றது இரவு இரண்டு மணி. குளியலறைக்குப் போகும் வழியில் கால் வழுக்கினால் யார் காதில் விழும்?

மயிலாடுதுறைக்கு அருகே எங்கள் ஊர் வீட்டில் பகல் மூன்று மணிக்கு அம்மா திண்ணையில் இருப்பார். பூக்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்பார். குடித்துவிட்டு உடனே போக மாட்டார். இருவரும் உதிரிப்பூவைப் பிரித்து வாழைநாரில் தொடுக்கத் தொடங்குவார்கள். மாலை கோயில் நடை திறப்பதற்குள் இருபது முழமாவது ஆகிவிடும். எதிர்வீட்டுப் பெண், "பெரியம்மா, வத்தக்குழம்புக்கு எவ்வளவு புளி?" என்று வாசலிலிருந்தே கேட்பாள். அந்தத் தெருவுக்கு அம்மா தேவைப்பட்டார். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் வந்த பிறகு, இரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வந்தன. பகலைப் பொறுத்தவரை அந்த வீட்டுக்கு நிகராக வேறெதையும் சொல்ல மாட்டேன்.

இரவு வேறு கதை. ஐப்பசி அடைமழையில் ஒருநாள் கொல்லைப்புறக் குளியலறை வாசலில் விழுந்தார். பால்காரர் வரும்வரை, ஏறத்தாழ மூன்று மணி நேரம், ஈரத் தரையில் கிடந்தார். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. "இதற்குத்தான் தனியாக இருக்கக் கூடாது என்றோம்" என்று குடும்பமே சொன்னது, நானும் சொன்னேன். இன்று அப்படிச் சொல்ல மாட்டேன். படுக்கையறையை ஒட்டி ஒரு கழிப்பறை, சுவரில் இரண்டு கைப்பிடிகள், இரவெல்லாம் எரியும் சிறு விளக்கு, எதிர்வீட்டில் ஒரு மாற்றுச் சாவி, இரவில் துணைக்குப் படுக்க ஓர் ஆள். இவற்றை முன்கூட்டியே செய்திருந்தால் அம்மா இன்னும் சில ஆண்டுகள் அந்தத் திண்ணையில் இருந்திருப்பார் என்று உறுதியாக நம்புகிறேன். அந்த வருத்தம் எனக்கு இன்றும் தீரவில்லை.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு சென்னையில் தம்பி வீடு. ஒன்பதாவது மாடி. இரவு இரண்டு மணிக்கு அம்மா இருமினால் அடுத்த அறையில் விளக்கு எரியும். தம்பியும் அவன் மனைவியும் பார்த்துக்கொண்டதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் காலை எட்டரைக்கு வீடு காலியாகிவிடும். மாலை ஆறு மணிவரை அம்மாவும் சுவர்க்கடிகாரமும்தான். அடுப்பங்கரைக்குப் போனால், "நீங்கள் உட்காருங்கள் அத்தை, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பாள் தம்பி மனைவி. அன்பால் சொன்ன சொல்தான். ஆனாலும் ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஒரு வீட்டின் அடுப்பை ஆண்டவருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்! கொஞ்ச நாளில் காப்பி வேண்டுமென்று கேட்பதையே நிறுத்திவிட்டார். பூ, கட்டிய சரமாகவே காலையில் வாசலுக்கு வந்துவிடும். தொடுக்க எதுவும் இல்லை.

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் என் தோழிகளுக்கு இதே பகல் இன்னும் நீளம். பார்வையாளர் விசாவில் பெரும்பாலும் ஒரு முறைக்கு ஆறு மாதம். கார் ஓட்டத் தெரியாவிட்டால் ஒரு காய்கறிக் கடைக்குக்கூடத் தானாகப் போக முடியாது. பேரக்குழந்தை கைக்குழந்தையாக இருக்கும்வரை நாள் நிறையும். அது பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு வெறுமைதான்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் பலர், போகும் முன்பே ஊர் வீட்டைத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால் ரத்து செய்யக் கோரலாம். வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்க வேண்டும். அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுவது நல்லது. எழுதாமல் கொடுத்துவிட்டுப் பிறகு அலைகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆலோசனைக்கு 14567 என்ற மூத்தோர் உதவி எண் இருக்கிறது.

இந்த வழியிலேயே ஒரு கிளைவழி உண்டு. மூன்று வழிகளையும் விட அதுதான் எனக்குப் பிடித்தது. பிள்ளைகள் இருக்கும் பேட்டையிலேயே, இரண்டு தெரு தள்ளி, தரைத்தளத்தில் ஒரு சிறிய வாடகை வீடு. பேத்தி தனியாக நடந்து வந்துவிடக்கூடிய தூரம் போதும். நம் அடுப்பு நம்முடையது. இரவில் தொலைபேசியில் கூப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் மகள் வந்துவிடுவாள். அம்மாவுக்கு இதை நாங்கள் யோசிக்கவே இல்லை. "ஒரே ஊரில் தனி வீடா? ஊர் என்ன சொல்லும்?" என்ற பயம்.

கோயம்புத்தூர்க் குடியிருப்புக்கு அம்மா போனபோது அந்த ஊர்ப் பேச்சு இன்னும் பலமாக வந்தது. "முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டார்கள்" என்றார்கள். அங்கே ஒவ்வொருவருக்கும் சொந்தக் கதவு, சொந்தச் சாவி, சிறு சமையலறை எல்லாம் உண்டு. பொதுக் கூடத்தில் மூன்று வேளைச் சாப்பாடு. கட்டிலருகே இழுத்தால் மணியடிக்கும் கயிறு, இரவுப் பணியில் செவிலியர். இரண்டு மணிக் கேள்விக்கு அங்கே சரியான விடை இருந்தது. மூன்று மணிக்குத்தான் அம்மா முதலில் தடுமாறினார். எண்பது வயதைத் தாண்டி, கைத்தடியோடு போய்ச் சேர்ந்தவர் அவர். அறுபத்தைந்தில் வந்தவர்கள் ஏற்கெனவே ஜமா சேர்ந்திருந்தார்கள்: காலை நடைக்கு ஒரு குழு, கேரம் பலகைக்கு ஒரு குழு. இவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். மூன்றாவது மாதம் மேலாளரிடம் போய், வளாகத்துப் பிள்ளையாருக்குக் கட்டிய சரம் வாங்க வேண்டாம், உதிரிப்பூவாக வாங்கித் தாருங்கள் என்று கேட்டார். அடுத்த வாரம் அவரைச் சுற்றி நான்கு பேர் நாரைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கேயும் குறைகள் உண்டு. குழந்தைகளின் சத்தம் கிடையாது. சாப்பாட்டுக் கூடத்து அறிவிப்புப் பலகையில் அடிக்கடி ஒரு மறைவுச் செய்தி இருக்கும். நேற்று எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவராக இருப்பார். செலவு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். வீட்டை விலைக்கு வாங்கினாலும் பராமரிப்புக் கட்டணமும் சாப்பாட்டுக் கட்டணமும் மாதந்தோறும் தனி. இரண்டும் ஏறிக்கொண்டே போகும். அரசின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடக்கூடிய தொகையின் உச்சவரம்பு 2023 ஏப்ரலில் 30 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. அப்போதைய வட்டி 8.2 சதவீதம், முழுத்தொகைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய். கணக்குப் போட அதை ஓர் அளவாக வைத்துக்கொள்ளலாம். அதைவிட முக்கியமாக, பணம் கட்டும் முன் ஒரு கேள்வியைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: நான் படுத்த படுக்கையாகிவிட்டால், நினைவு தவறிவிட்டால், என்னை இங்கேயே வைத்துப் பார்ப்பீர்களா? மழுப்புகிற இடம் வேண்டாம்.

போகிறவர்கள் நடமாட்டம் இருக்கும்போதே போய்விட வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து. வேறு வழியில்லை என்றான பிறகு போனால், புதிதாகச் சிநேகம் பிடிக்க உடம்பில் தெம்பு இருக்காது.

எனக்கு இப்போது அறுபத்தொன்று, கணவருக்கு அறுபத்தைந்து. திருச்சியில் மகள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித் தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். குளியலறையில் கைப்பிடி பொருத்த வீட்டு உரிமையாளர் சம்மதித்துவிட்டார். வரும் மார்கழியில் கோயம்புத்தூரில் இரண்டு வாரம் விருந்தினர் அறையில் தங்கிப் பார்க்கப் போகிறோம். ஊர் வீட்டை விற்கவில்லை. அதன் சாவி எதிர்வீட்டுப் பெண்ணிடம் இருக்கிறது. மூன்று மணிக்குப் பூக்காரம்மா வந்தால் அவள்தான் தண்ணீர் கொடுக்கிறாள்.