வைப்பர் மோட்டாருக்காக அயனாவரம் பாய் கடைக்குப் போனேன்

கொன்னூர் ஹைரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்து. போர்டில் கடையின் பெயர் வெயிலில் வெளுத்துப்போய் ‘ஆட்டோ எலக்ட்ரிகல்ஸ்’ மட்டும்தான் மிச்சம். அக்கம்பக்கத்தில் கேட்டால் “பாய் கடையா?” என்று கை காட்டுவார்கள். பெயர் தெரியாத கடைக்கு விமர்சனம் எழுதுவது எனக்கே இதுதான் முதல் முறை.

என் கார் 2012 மாடல். 2024 அக்டோபர் 15 மழையில், வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்து மேல் காரைக் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டிருந்த அதே நாளில், வில்லிவாக்கத்தில் என் வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றது. ஓரங்கட்டி கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மறுபடி சுவிட்சைப் போட்டால் எதுவுமே நடக்காத மாதிரி ஓடியது. கொஞ்ச தூரம் போனதும் திரும்ப நின்றது.

முதலில் போனது, ஏசி ரூமில் உட்காரவைத்துக் காபி கொடுக்கும் ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு. “நல்லாத்தானே மேடம் ஓடுது?” என்றார்கள். அங்கே நன்றாகத்தான் ஓடியது. ஃப்யூஸும் ரிலேயும் மாற்றி 850 ரூபாய் வாங்கினார்கள். அடுத்த மழையில் பழைய குருடி கதவைத் திறடி. திரும்பப் போனால், மோட்டார், லிங்கேஜ் (மோட்டாரையும் வைப்பர் கைகளையும் இணைக்கும் கம்பிகள்), சுவிட்ச் எல்லாவற்றையும் செட்டாக மாற்ற 9,400 ரூபாய் என்று ஒரு தாளை நீட்டினார்கள். காபி நன்றாக இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும்.

பாய் கேட்ட முதல் கேள்வியே வேறு. “நிக்கும்போது உள்ள சத்தம் வருதாம்மா, இல்ல சுத்தமா அடங்கிடுதா?” மழையில் யார் அதையெல்லாம் கவனித்தார்கள்? அவர் வாதம் பண்ணவில்லை. கடைப் பையனிடம் ஹோஸ் பைப்பைக் கொடுத்து, கண்ணாடியில் தண்ணீர் அடித்துக்கொண்டே இருக்கச் சொல்லி, வைப்பரை ஓடவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டார். பன்னிரண்டாவது நிமிஷம் நின்றது.

அப்போதுதான் பானட்டைத் தூக்கினார். டெஸ்ட் லேம்ப்பின் கிளிப்பை மோட்டாருடைய எர்த் ஒயரிலேயே மாட்டி, ஊசியை, மோட்டாருக்கு ஒயர் வந்து சேரும் கப்ளரில் குத்தினார். பளிச்சென்று எரிந்தது. கரண்ட் வருகிறது, எர்த்தும் சரி. அதாவது ஃப்யூஸ், ரிலே, சுவிட்ச் எதிலும் குற்றமில்லை. என் 850 ரூபாய் போனது போனதுதான். “இப்ப தொட்டுப் பாருங்க” என்றார். மோட்டார் தோசைக்கல் மாதிரி கொதித்தது. அதற்குள்ளேயே ஒரு சின்ன பிரேக்கர் இருக்கிறதாம். சூடு ஏறினால் கட் பண்ணிவிடும், ஆறினால் தானே சேர்ந்துகொள்ளும். காபிக் கடையில் ஏன் ஒழுங்காக ஓடியது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

“அப்போ மோட்டார் மாத்திடலாமா பாய்?”

“இருங்கம்மா. ஏன் சூடாச்சுன்னே இன்னும் பாக்கலையே.”

பிளேடு படுத்திருந்த இடத்தைக் கண்ணாடியில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு, வைப்பர் கை இரண்டையும் கழற்றி, கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கினார். எங்கள் தெருப் புங்கமர இலை மொத்தமும் உள்ளே மக்கிக் காபி மண்டி மாதிரி கிடந்தது. தண்ணீர் வடிகிற ஓட்டை அடைத்துக் குளம் கட்டியிருந்தது. மோட்டாரிலிருந்து லிங்கேஜைப் பிரித்து, விரலால் ஆட்டச் சொன்னார். இடது பக்கம் சுலபமாக ஆடியது. டிரைவர் பக்கத்தில் வைப்பர் கை உட்காரும் தண்டை இரண்டு கையால் பிடித்தும் அசைக்க முடியவில்லை, அவ்வளவு துரு. “இந்தப் பாரத்தை இழுத்து இழுத்துத்தான் மோட்டார் வெந்திருக்கு. இதை விட்டுட்டுப் புதுசு போட்டா, அதுவும் வேகும்.” பழைய மோட்டாரைப் பிரித்தும் காட்டினார். கார்பன் பிரஷ் தேய்ந்து கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது, உள்ளே சுற்றும் ஆர்மேச்சர் கருகிவிட்டது.

புதுப்பேட்டையில் பழையது எடுக்கலாமா என்று கேட்டுப் பார்த்தேன். “எத்தனை மழை பாத்த மோட்டாரோ, வேணாம்மா” என்றுவிட்டார். பையன் பைக்கில் ஜி.பி. ரோடு போய் லூகாஸ் டிவிஎஸ் மோட்டார் வாங்கிவந்தான், 2,350 ரூபாய். கம்பெனியோ எங்களுக்கு அடுத்த பாடியில் இருக்கிறது. மோட்டார் மவுண்ட் ரோடு பக்கம் போய்ச் சுற்றி வருகிறது. அவன் வருவதற்குள் பாய் தண்டைக் கழற்றித் துருவைத் தேய்த்து கிரீஸ் வைத்துவிட்டார். லிங்கேஜ் புதிதாக வாங்கவே இல்லை.

மாட்டும்போது ஒரு வேலை செய்தார், பார்க்கவே அழகு. புது மோட்டாரை லிங்கேஜில் சேர்க்காமல் கப்ளரை மட்டும் சொருகி ஓடவிட்டு, சுவிட்சை அணைத்தார். அது உடனே நிற்காமல் இன்னும் கொஞ்சம் சுற்றித் தன் இடத்துக்கு வந்து நின்றது. அணைத்த பிறகும் அந்த இடம் வரும்வரை உள்ளே பல் சக்கரத்துத் தகடு கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்குமாம். அதற்கப்புறம்தான் லிங்கேஜ், பிறகு சாக்பீஸ் கோட்டுக்கு நேராகப் பிளேடு. “இதைப் பாக்காம மாட்டினா ரெண்டும் நடுக் கண்ணாடியில வந்து உக்காரும்” என்றார்.

கூலி 700. ஆக மொத்தம் 3,050.

குறைகள்: பில் கிடையாது, பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதித் தருகிறார். போனை எடுக்க மாட்டார். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போனால் மூன்று மணிக்குத்தான் வருவார். உட்கார ஒரே ஸ்டூல், அதிலும் பேட்டரி இருக்கும். ஒரு ஸ்டார் இதற்காகத்தான் குறைத்தேன்.

ஃபெஞ்சல் புயல் அன்று காரை எடுக்கவில்லை. அதற்கு முன்னும் பின்னும் பெய்த மழையில் வைப்பர் ஒரு தடவைகூட நிற்கவில்லை. கிளம்பும்போது பாய், “புங்கமரத்தடியில நிறுத்தாதீங்கம்மா, வேற இடம் பாருங்க” என்றார். வில்லிவாக்கத்தில், கார் நிறுத்த, வேறு இடம்!