நாலாயிரம் ராண்டுக்கு ஒரு படம்: லினோவா, செம்புத் தகடா, கல்லா, கணினியா?

என் தங்கை மகள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், கிளென்வுட் பகுதியில் வாடகைக்கு வீடு எடுத்திருக்கிறாள். முன்னறைச் சுவர் காலியாக இருக்கிறது. "மாமா, கையில நாலாயிரம் ராண்ட் இருக்கு. போஸ்டர் வேண்டாம், உண்மையான படம் வேணும். எதை வாங்கலாம்?" என்று கேட்டாள்.

பதினெட்டு வருஷமாக அச்சுப்படம் சேர்க்கிறேன். டர்பனில் சம்பளக்காரர்கள் வீட்டில் நல்ல கலை தொங்க வேண்டுமென்றால் அதற்கு நேர்வழி அச்சுப்படம்தான் என்று நம்புகிறேன். ஆனால் கடையில் 'பிரிண்ட்' என்ற ஒரே பெயரில் ஐந்து வெவ்வேறு பொருள்களை விற்கிறார்கள். அவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால்தான் நாலாயிரம் எங்கே போகலாம் என்பது தெரியும்.

முதலில் பெரிய பிரிவினை. ஓவியத்தைப் படமெடுத்து இங்க்ஜெட் இயந்திரத்தில் அடித்து விற்பது ஒரு வகை. அதற்கு 'ஜிக்லே' என்று பெயர். 1991-இல் ஜாக் டுகான் என்ற அமெரிக்க அச்சாளர் வைத்த பெயர் அது. நல்ல காகிதம், நல்ல மை, நிறமும் சீக்கிரம் மங்காது. ஆனால் மூலப்படம் வேறெங்கோ இருக்கிறது, நம்மிடம் வருவது அதன் படம். இன்னொரு வகையில் கலைஞர் லினோலியப் பலகையையோ (சுருக்கமாக லினோ) செம்புத் தகட்டையோ கல்லையோ அச்சிடுவதற்காகவே செதுக்குகிறார், கீறுகிறார், வரைகிறார். அதற்கு முன்னால் 'மூலம்' என்று தனியாக எதுவும் இல்லை. முப்பது பிரதி அடித்தால் முப்பதும் மூலம்தான்.

சேர்க்கத் தொடங்கிய முதல் வருஷத்தில், புகழ்பெற்ற ஒருவரின் ஓவியத்துக்கு ஜிக்லே பிரதி வாங்கினேன். ஐந்நூறில் ஒன்று, கையெழுத்தும் உண்டு. 'முதலீடு' என்று கடைக்காரர் சொன்னார். அந்தக் காசுக்கு இரண்டு நல்ல லினோகட் (லினோவில் செதுக்கி அடித்த படம்) வாங்கியிருக்கலாம் என்று பிறகு தெரிந்தபோது மனசு வலித்தது. கணினியிலேயே பிறந்த படைப்பை அச்சடித்து, குறைந்த எண்ணிக்கையில் கையெழுத்திட்டுத் தருகிற கலைஞர்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது அவர்களின் சொந்த ஊடகம்.

இரண்டையும் வேறுபடுத்த ஒரு பூதக்கண்ணாடி போதும். இங்க்ஜெட்டில் நுண்ணிய புள்ளிகள் தூவியதுபோலத் தெரியும். லினோவில் கறுப்பு கெட்டியாக, விளிம்பு கூர்மையாக நிற்கும். செம்புத் தகட்டில் அடித்ததென்றால் தகட்டின் ஓரம் காகிதத்தில் பள்ளமாகப் பதிந்திருக்கும். விரலால் தொடாமல் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள்.

சரி, லினோவுக்கு வருவோம். இந்த நாட்டில் லினோகட்டுக்குத் தனி இடம் உண்டு, அதுவும் நம் குவாசுலு-நாட்டால் மாகாணத்தில். ஆளி விதை எண்ணெயும் தக்கைத் தூளும் சணல் துணியும் சேர்ந்த தரைவிரிப்புதான் லினோலியம். விலை மலிவு, கத்தி எளிதில் இறங்கும், அச்சு இயந்திரம் இல்லாவிட்டாலும் கரண்டியின் முதுகால் தேய்த்தே படம் எடுக்கலாம். டண்டி ஊருக்கு அருகே ரோர்க்ஸ் டிரிஃப்டில், ஸ்வீடனிலிருந்து வந்த பெடர், உல்லா கோவேனியஸ் தம்பதி 1960-களில் லூதரன் சபையோடு சேர்ந்து நடத்திய கலை மையத்தில் இது வேர்விட்டது. கறுப்பின மாணவர்களுக்குக் கலைக்கல்லூரிக் கதவுகள் அடைபட்டிருந்த காலம் அது. அசாரியா ம்பாதா, ஜான் முவாஃபாங்கேஜோ போன்றவர்கள் அந்த வட்டத்திலிருந்து வந்தவர்கள். ம்பாதா பைபிள் கதைகளைக் கட்டம் கட்டமாகச் செதுக்கியதைப் பார்க்கும்போது கோயில் சுவரில் வரிசையாகக் கதை சொல்லும் நம் பழைய ஓவியங்கள் எனக்கு நினைவுக்கு வரும். முவாஃபாங்கேஜோ படத்துக்குள்ளேயே வாக்கியங்களைச் செதுக்கிவிடுவார். அந்தப் பெரிய பெயர்கள் இன்று நம் கைக்கு எட்டாது. ஆனால் அந்த வழியில் வந்த இளைஞர்கள் இன்றும் லினோ வெட்டுகிறார்கள், அவர்களின் சிறிய படங்கள் நாலாயிரத்துக்குள் அடங்கும்.

லினோவில் எண்ணைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். ஓரத்தில் பென்சிலால் 4/30 என்றிருந்தால் முப்பதில் நாலாவது. நாலாவதும் இருபத்தெட்டாவதும் பெரும்பாலும் ஒரே தரம்தான். 'ரிடக்ஷன்' லினோ கண்ணில் பட்டால் நின்று பாருங்கள். ஒரே பலகையை ஒவ்வொரு நிறம் அடித்ததும் மேலும் மேலும் செதுக்கிக்கொண்டே போவார்கள். முடியும்போது பலகையில் கடைசி நிறம் மட்டுமே மிஞ்சியிருக்கும். இன்னொரு பிரதி அடிக்க வழியே கிடையாது.

செம்புத் தகட்டில் கதை வேறு. எட்சிங்கில் அமிலம் கோட்டை அரிக்கும். டிரைபாயிண்டில் ஊசியால் நேரடியாகத் தகட்டைக் கீறுவார்கள். கீறலின் ஓரத்தில் எழும் பிசிறு மையைப் பிடித்துக்கொண்டு வெல்வெட் மாதிரியான கறுப்பைத் தரும். அழுத்த அழுத்த அந்தப் பிசிறு நசுங்கிப்போகும். அதனால் டிரைபாயிண்டில் முதல் சில பிரதிகளுக்கே அந்த ஆழம் இருக்கும். இங்கே மட்டும் எண் சின்னதாக இருந்தால் கூடுதலாகக் கொடுக்கலாம். மென்மையும் நிழலும் விரும்புகிறவர்களுக்கு லினோவைவிட இது பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு பிரதிக்கும் தகட்டுக்கு மை பூசி, துடைத்து, அழுத்தி எடுக்க வேண்டும், அந்த உழைப்பு விலையில் ஏறும்.

லித்தோ நம் வீடுகளுக்குப் புதிதல்ல. அம்மாவின் பூஜை அறையில் தாத்தா காலத்து லட்சுமி படம் ஒன்று இருந்தது. ரவி வர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் வீட்டுக்கு வீடு சாமி படங்களைக் கொண்டுபோனது இந்தக் கல்லச்சு முறையில்தான். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதே அடிப்படை. கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள பென்சிலால் வரைந்து, ஈரப்படுத்தி, மை உருட்டினால் வரைந்த இடம் மட்டும் மை ஏற்கும். கலைஞரின் கைக்கோடு அப்படியே வருவது இதன் பெரிய பலம். ஆனால் தேர்ந்த அச்சாளர் ஒருவர் கூடவே நிற்க வேண்டும். ம்புமலாங்கா மாகாணத்தின் வைட் ரிவரில் மார்க் அட்வுட் நடத்தும் ஆர்ட்டிஸ்ட்ஸ் பிரெஸ் இதற்குப் பேர்போனது. அங்கே வாங்க வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம் சேர்த்துவைத்துப் போங்கள்.

துணித் திரை வழியே மையைத் தள்ளி அடிக்கும் ஸ்க்ரீன் பிரிண்ட் இந்த நாட்டில் நிறவெறி எதிர்ப்புப் போராட்டச் சுவரொட்டிகளின் மொழி. பளிச்சென்ற தட்டையான நிறம் பிடித்தால் வாங்குங்கள். எனக்கு அது இரண்டாம் இடம்தான்.

எங்கே வாங்குவது? டர்பன்காரர்கள் கிளென்வுட்டின் கேஇசட்என்எஸ்ஏ (குவாசுலு-நாட்டால் கலைச் சங்கம்) கேலரியிலிருந்து தொடங்கலாம். ஜோகன்னஸ்பர்க் போனால், 1991-இல் கிம் பெர்மனும் ந்லான்லா சாபாவும் தொடங்கிய ஆர்ட்டிஸ்ட் புரூஃப் ஸ்டுடியோ. 2003-இல் நடந்த தீவிபத்தில் சாபாவே உயிரிழந்தார், கட்டடமும் எரிந்தது. அதன் பிறகும் எழுந்து நின்று மாணவர்களை உருவாக்குகிற இடம். அங்கே படத்தோடு அதைச் செய்தவரிடமே பேசிவிட்டு வரலாம். கேலரியில் தேர்வு எளிது. கேட்டால் தவணையில் தருகிறவர்களும் உண்டு. ஏலத்தில் பழைய பெயர்கள் சில நேரம் மலிவாகக் கிடைக்கும். ஆனால் விலைக்கு மேல் ஏலக்காரர் கமிஷன் சேரும், காகிதத்தின் நிலையையும் நீங்களே சோதிக்க வேண்டும். முதல் படத்தை ஏலத்தில் வாங்காதீர்கள்.

அப்புறம் ஃபிரேம். நாலாயிரத்தையும் படத்துக்கே கொடுத்துவிடாதீர்கள். டர்பனின் ஈரக்காற்றில் காகிதத்தில் பழுப்புப் புள்ளி விழும், ஃபிஷ்மோத் பூச்சி பசையைத் தேடி வந்து காகிதத்தையும் அரிக்கும். என் ஒரு எட்சிங்கை ஃபிரேம் போட்டவர் சாதாரண டேப்பால் ஒட்டிவிட்டார். ஐந்தே வருஷத்தில் மேல் ஓரம் மஞ்சளாகிவிட்டது, அது இனிப் போகாது. அமிலமில்லாத அட்டை, கண்ணாடி காகிதத்தைத் தொடாதபடி இடைவெளி, படத்தை அட்டையில் பிடிக்க ஜப்பானியக் காகிதக் கீலும் மாவுப் பசையும். இந்த மூன்றையும் கேட்டு வாங்குங்கள். ஃபிரேமின் பின்னால் கீழ் மூலைகளில் ரப்பர் குமிழ் ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றோடும்.

தங்கை மகளுக்கு நான் லினோதான் சொன்னேன். அவளோடு கேலரிக்குப் போனபோது, மழையில் டாக்ஸிக்குக் காத்திருக்கும் மூன்று பெண்களின் டிரைபாயிண்ட் முன்னால் நின்றவள் நகரவே இல்லை. 2/15. மழைக்கோடுகளில் அந்தப் பிசிறுக் கறுப்பு இன்னும் ஈரமாக இருந்தது. இரண்டாயிரத்து எழுநூறு படத்துக்கு, மீதி ஃபிரேமுக்கு. வெயில் படாத பக்கச் சுவரில் ஆணி அடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.