நிலக்கரி நிலையத்தைச் சுத்தமாக்க வெயிலா, எரிபொருள் செல்லா?

இரண்டும் ஒரே வேலைக்கான இரண்டு கருவிகள் என்று நினைத்துத்தான் பலரும் ஒப்பிடுகிறார்கள். உண்மையில் வெயில், கொதிகலன் அடுப்பில் போடும் கரியைக் குறைக்கிறது. எரிபொருள் செல், அதாவது எரிபொருளை எரிக்காமல் வேதிவினையால் மின்சாரமாக்கும் கருவி, எரிந்து முடிந்த புகையிலிருந்து கார்பன் டை ஆக்ஸைடைப் பிடிக்கிறது.

முதலில் வெயில். அனல் மின் நிலையத்தின் கொதிகலனுக்குள் தண்ணீர் பச்சைத் தண்ணீராகப் போவதில்லை. டர்பைனின் நடுவிலிருந்து கொஞ்சம் நீராவியை உருவி, அதைக் கொண்டு தண்ணீரை 200 டிகிரிக்கு மேல் சூடாக்கித்தான் அனுப்புகிறார்கள். அந்தச் சூட்டை வெயிலைக் குவிக்கும் கண்ணாடிகள் கொடுத்துவிட்டால், உருவ வேண்டிய நீராவி டர்பைனிலேயே தங்கி மின்சாரமாகும். தனியாக டர்பைனோ ஜெனரேட்டரோ வேண்டாம். யோசனை அழகானது, எனக்கும் பிடிக்கும்.

ஆனால் அளவைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் லிடல் நிலையம் 2,000 மெகாவாட் மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டது. 2012இல் அங்கே சேர்த்த கண்ணாடிகள் தந்தது 9.3 மெகாவாட் வெப்பம். யானைப் பசிக்குச் சோளப்பொரி! அதே நாட்டில் 750 மெகாவாட் கோகன் கிரீக்கில் 44 மெகாவாட்டுக்குத் திட்டமிட்டு, 2016இல் பாதியிலேயே கைவிட்டார்கள். அதோடு, பொழுது சாய்ந்தால் பழையபடி முழுக்க நிலக்கரிதான்.

சரி, எரிபொருள் செல்? நிலக்கரிப் புகையில் நூறு லிட்டர் எடுத்தால் அதில் கார்பன் டை ஆக்ஸைடு 12 முதல் 15 லிட்டர். மீதியில் பெரும்பங்கு நைட்ரஜன். இதைப் பிரிப்பதுதான் பெரும்பாடு. வழக்கமான முறையில் அமீன் என்ற ரசாயனத்தின் கரைசல் இந்த வாயுவை உறிஞ்சும்; பிடித்த வாயுவை வெளியே எடுக்கக் கரைசலைச் சூடாக்க வேண்டும். அதற்கு எடுக்கும் நீராவி நிலையத்தின் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கையாவது விழுங்கிவிடும்.

எரிபொருள் செல்லில் ஒரு வகையான உருகிய கார்பனேட் செல் இந்தக் கணக்கைத் தலைகீழாக மாற்றுகிறது. புகை ஒருபக்கம் கேத்தோடு என்ற மின்முனைக்குள் நுழைகிறது. கார்பன் டை ஆக்ஸைடும் ஆக்ஸிஜனும் சேர்ந்து கார்பனேட் அயனியாகி, சுமார் 650 டிகிரியில் உருகிக் கிடக்கும் உப்பு வழியே மறுபக்கம் போகின்றன. அங்கே இயற்கை எரிவாயுவிலிருந்து வந்த ஹைட்ரஜனோடு வினை நடந்து மின்சாரம் பிறக்கிறது. நைட்ரஜன் இந்தப் பக்கமே நின்றுவிடுகிறது. மறுபக்கம் வருவதைக் குளிரவைத்தால் நீராவி தண்ணீராகிப் பிரியும், செறிவான கார்பன் டை ஆக்ஸைடு கைக்கு வரும். பிடிக்கும் வேலையே மின்சாரமும் தருகிறது என்பதுதான் என்னை இதன் பக்கம் இழுக்கிறது.

இதிலும் சிக்கல்கள் உண்டு. செல்லின் நிக்கலுக்குக் கந்தகம் விஷம். நிலக்கரிப் புகையில் அது தாராளம். அதனால் புகையை முன்பே நன்றாகக் கழுவ வேண்டும். எரிவாயுவும் தொடர்ந்து வேண்டும். 500 மெகாவாட் நிலையத்தின் வாயுவில் 90 சதவீதத்தைப் பிடிக்க, என் கணக்கில், செல்களே 350 மெகாவாட்டுக்கு மேல் இருக்க வேண்டும். கிட்டத்தட்ட இன்னொரு மின் நிலையம்! அப்புறம், பிடித்த வாயுவைப் புதைக்க நிலத்தடியில் தகுந்த பாறை அடுக்கும் கிடைக்க வேண்டும்.

இன்னும் இருபது வருடம் ஓடியே தீர வேண்டிய நிலையம், பக்கத்தில் எரிவாயுக் குழாயும் புதைக்க இடமும் இருக்கிறது என்றால், நான் எரிபொருள் செல்லைத்தான் சோதித்துப் பார்ப்பேன். ஐந்தாறு வருடத்தில் மூடப்போகும் நிலையத்துக்கு இரண்டுமே வீண் செலவு. அங்கே மிச்சமிருக்கும் பெரிய சொத்து மின்கம்பி இணைப்புதான். லிடல் நிலையத்தை 2023இல் மூடிய பிறகு, அதே வளாகத்தில் 500 மெகாவாட் பேட்டரி அமைக்கத்தான் முடிவெடுத்தார்கள்.